துடுப்புவால் ரீங்காரச்சிட்டைக் காண்பது எப்படி?

வட பெருவின் ஆண்டீஸ் மலைகளில், ஏறத்தாழ 2,000 முதல் 2,900 மீட்டர் உயரத்தில், ஈரக்காடுகளின் ஓரங்களில் மட்டுமே வாழும் இப்பறவையைக் காண விரும்புவோர் போமகோச்சாஸ் அருகிலுள்ள உவெம்போ காப்பகத்துக்குச் செல்வதே நல்லது. அங்கே பறவைகள் குடிப்பதற்காக வைத்துள்ள சர்க்கரை நீர்க் குடுவைகளுக்கு எதிரே அசையாமல் அமருங்கள். குடுவைகளையே பார்த்துக்கொண்டிருக்காமல் பின்னாலுள்ள புதர்களையும் கவனியுங்கள். பெரிய ரீங்காரச்சிட்டுகள் விரட்டினால் இது அங்கேதான் ஒதுங்கும்.

வாலில் இருப்பவை நான்கே இறகுகள். வளர்ந்த ஆணுக்கு அவற்றுள் இரண்டு மெல்லிய கம்பிபோல் நீண்டு, ஒன்றையொன்று குறுக்கே கடந்து, நுனியில் கருநீலத் தட்டாக விரியும். பெண்ணுக்கு இவ்வளவு பகட்டு கிடையாது. வெண்ணிற அடிப்புறத்தையும், நுனி சற்றே அகன்ற குட்டை வாலையும் கொண்டு அதனை அடையாளம் காணலாம். படமெடுக்கும்போது ஃபிளாஷைத் தவிர்த்துவிடுங்கள்.