நீறு பூத்த நெருப்பு: விறகு அடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீ கொழுந்துவிட்டு எரியும்போது யாரும் அடுப்பை விட்டு நகர்வதில்லை. சமையல் முடிந்து கொள்ளிகளை வெளியே இழுத்துப் போட்ட பிறகுதான் கவனம் போய்விடுகிறது. விறகு அடுப்பின் மோசமான விபத்துகள் பலவும் அந்த நேரத்துக்காகத்தான் காத்திருக்கின்றன.

மேலே வெள்ளையாக நீறு பூத்துவிட்டால் ஆறிவிட்டது என்று நினைத்து, சாம்பலைப் பிளாஸ்டிக் கூடையிலோ அட்டைப் பெட்டியிலோ அள்ளிப் போடுகிறார்கள். சாம்பல் ஒரு போர்வை. சூட்டை வெளியே விடாது, காற்றையும் அதிகம் உள்ளே விடாது. அடியில் கிடக்கும் தணல் மெல்லக் கனிந்தபடி மறுநாளும் உயிரோடிருக்கும். ராத்திரி தணலைச் சாம்பலால் மூடிவைத்து விடியற்காலை அதிலிருந்தே அடுப்பு மூட்டியவர்கள் இதை நம்பித்தான் படுத்தார்கள். மூடியுள்ள தகர வாளியில் அள்ளி, இரண்டு செங்கல் மேல் வைத்து, நான்கு நாள் தொடாமல் விடுங்கள். குப்பை வண்டிக்கு உடனே போட்டாக வேண்டுமென்றால் வாளியில் தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். 'ஸ்ஸ்' சத்தம் அடியோடு நிற்க வேண்டும். சூடான இரும்பு அடுப்புக்குள்ளேயே தண்ணீர் ஊற்றக் கூடாது. வார்ப்பிரும்பு விரிசல் விடும், எழும்பும் ஆவி முகத்தில் அடிக்கும்.

'புகை இல்லை, இனி பயமில்லை' என்பதும் பொய். புகையில்லாமல் சிவந்து கிடக்கும் தணலிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு தாராளமாக வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கொசு தாங்கவில்லை என்று தணல் சட்டியில் சாம்பிராணி போட்டு, படுக்கையறையில் வைத்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குவது சென்னையில் சில வீடுகளில் பழக்கம். சாம்பிராணி காட்டியதும் சட்டியை வெளியே கொண்டுபோய்விடுங்கள். அது இருக்கும் அறையில் படுக்கவே வேண்டாம். வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் மாத்திரை தேடாமல் எல்லோரும் வெளிக்காற்றுக்கு வாருங்கள், 108-ஐ அழையுங்கள்.

அடுப்பு புகைகிறதென்றால் முதல் குற்றவாளி விறகு. பச்சைச் சவுக்கில் பாதி எடை தண்ணீராகவே இருக்கலாம். விறகுத் தொட்டியில் எடை போட்டு வாங்கும்போது அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் ஒழுங்காக எரியும். இரண்டு கட்டைகளைத் தட்டிப் பாருங்கள்: காய்ந்தது 'டங்' என்னும், ஈரமானது 'தொப்' என்னும். இன்னும் நம்பகமாகப் பார்க்க, ஒரு கட்டையில் சாக்பீஸால் குறியிட்டுச் சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுங்கள். வெயில் காலத்தில் இரண்டு வாரம் தொடர்ந்து எடை மாறவில்லை என்றால் காய்ந்துவிட்டது. மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, தரையிலிருந்து அரையடி உயரத்தில் அடுக்கி, மேலே மட்டும் தார்ப்பாய் போடுங்கள். நான்கு பக்கமும் இழுத்து மூடினால் உள்ளேயே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். இந்த வேலையெல்லாம் மே, ஜூனில் முடிந்துவிட வேண்டும், அக்டோபர் மழைக்குப் பிறகு யோசித்துப் பயனில்லை. மழைநாளில் எரிகிற அடுப்பின் மேலேயே ஈர விறகை அடுக்கிக் காயவைப்பது வேறு சிலருக்குப் பழக்கம். அது காய்வதோடு நிற்காது.

பெயின்ட் அடித்த பழைய கதவு, பிளைவுட், லேமினேட் பலகை எதுவும் அடுப்புக்குள் போகக் கூடாது. புயலுக்குப் பிறகு தெருவில் கிடக்கும் கிளைகளைப் பொறுக்கும்போது அரளியை ஒதுக்குங்கள், அதன் கட்டை வரை நஞ்சு.

விறகு காய்ந்திருந்தும் புகைந்தால் காற்று போதவில்லை என்று பொருள். கட்டையைச் சாம்பல் மேலேயே கிடத்தி, வாயை முட்ட அடைத்து, ஊதுகுழலோடு மல்லுக்கட்டுகிறோம். 10 மில்லிமீட்டர் கம்பிகளை ஒரு விரல் இடைவெளியில் வரிசையாக வைத்து, தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தூக்கி ஒரு சல்லடை செய்து போடுங்கள். காற்று அடியிலிருந்து ஏறும், ஊதுகுழலுக்கு ஓய்வு. அடுப்பின் மேல் உள்ள மூன்று குமிழ்களும் தேய்ந்து பாத்திரம் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாலும் இதே தொல்லைதான். பாத்திரத்துக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு விரல் சந்து வேண்டும். மண் அடுப்பின் விரிசலைச் சிமென்டால் பூசாதீர்கள், சூட்டில் பொரிந்து உதிரும். களிமண், மணல், உமி கலந்து பூசி நிழலில் ஒரு வாரம் காயவிட்டு, முதலில் சுள்ளித் தீயாக மூட்டுங்கள்.

மொட்டை மாடிக்கு வருவோம். தளத்தின் மேல் நேரே தீ வைத்தால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி, மேல்பூச்சு சில்லு சில்லாகத் தெறிக்கும். தட்டு ஓடு பதித்திருந்தால் அதுவும் விண்டுபோகும். அதன் பலன் நவம்பரில் கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகும். இரண்டு அங்குலம் மணல், அதன் மேல் இரண்டு வரி செங்கல், பிறகு அடுப்பு. காற்றும் இங்கே ஏமாற்றும். சென்னையில் வெயில் காலத்தில் காலையில் மேற்கிலிருந்து வீசுவது, மதியவாக்கில் கடற்காற்றாகத் திரும்பிக் கிழக்கிலிருந்து அடிக்கும். பத்து மணிக்குப் பாதுகாப்பாகத் தெரிந்த இடத்தில் ஒரு மணிக்குப் பொறி பறந்து துணிக்கொடியிலும் தண்ணீர்க் குழாயிலும் விழும். இரண்டு பக்கமும் தகரம் சார்த்துங்கள்.

சமையலறைக்குள் விறகு அடுப்பு வைத்திருந்தால் கேஸ் சிலிண்டர் அதே அறையில் வேண்டாம். கசியும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து தரையடுப்பைத்தான் முதலில் தேடி வரும். புகைபோக்கிக்கு பிவிசி குழாய் போடுபவர்களும் இருக்கிறார்கள். 80 டிகிரியை ஒட்டியே அது இளகத் தொடங்கும். இரும்பு அல்லது எவர்சில்வர் குழாய்தான் சரி. உள்ளே படியும் கரிப்பசை தீப்பிடிக்கக்கூடியது, அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பித் தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும்.

செம்பு வெந்நீர் பாய்லரில் தண்ணீர் ஊற்றாமல் தீ மூட்டினால் இணைப்புகளை ஒட்டியிருக்கும் ஈயப்பற்று 200 டிகிரி வாக்கிலேயே உருகி ஒழுகிவிடும். முதலில் தண்ணீர், அப்புறம் தீக்குச்சி. மேல்மூடியை இறுக்கி ஆவிக்கு வழியில்லாமல் செய்யாதீர்கள். போர் தண்ணீர் ஊற்றுபவர்கள் உள்ளே படியும் உப்பை அவ்வப்போது வினிகர் விட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும். படிவம் தடித்தால் விறகுதான் வீண்.

நைலான் புடவை, தொங்கும் துப்பட்டாவோடு அடுப்பருகே போக வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி உலர்ந்த மணலும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீரைத் தொடாதீர்கள், பெரிய மூடியைப் பக்கவாட்டில் நகர்த்தி மூடுங்கள். கைமீறிப் போனால் 101.

சுட்டுக்கொண்டால் 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும். மாவு, மை, பேஸ்ட், ஐஸ் கூடாது. மே மாதத்தில் மட்டும் ஒரு சிக்கல்: மாடித் தொட்டித் தண்ணீரே அப்போது கொதித்துக் கிடக்கும். குழாயைத் திறந்து முதலில் நல்ல கையை நீட்டிப் பாருங்கள், சுட்டால் கேன் தண்ணீரைச் சொம்பில் மொண்டு ஊற்றுங்கள்.