பேனலுக்குள் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் மதியம் ஏன் ஹேங் ஆகிறது? வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்து கிரானைட் பாலிஷ் யூனிட்டிலும் மாங்கூழ் தொழிற்சாலையிலும் இப்போது பேனலுக்குள் (மின்கட்டுப்பாட்டுப் பெட்டி) ஒரு சின்ன இண்டஸ்ட்ரியல் கம்ப்யூட்டர் இருப்பது சாதாரணம். காலையில் நன்றாக ஓடும். மதியம் இரண்டு மணிக்கு மேல் திரை உறையும். காலை, மாலை எந்த நேரமானாலும் பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் நின்றால் வோல்டேஜைப் பாருங்கள். மதியம் மட்டும் நின்றால் பெரும்பாலும் சூடுதான் காரணம். ஓசூர் மேட்டில் சிக்கலில்லாமல் ஓடிய அதே பெட்டி, கீழே கிருஷ்ணகிரி தகர ஷெட்டில் தடுமாறுவதும் இதனால்தான்.

முதலில் பேனலுக்குள் எத்தனை வாட் சூடு உருவாகிறது என்று கூட்டுங்கள். ஓர் உதாரணம்: கம்ப்யூட்டர் 15 வாட், எஸ்.எம்.பி.எஸ். (மின்சாரத்தை டி.சி.யாக மாற்றித் தரும் பவர் சப்ளை) இழப்பு 8, பி.எல்.சி. (இயந்திரத்தை இயக்கும் கன்ட்ரோலர்) 8, நெட்வொர்க் சுவிட்ச் 4, ரிலே, கான்டாக்டர் (மின்காந்த சுவிட்சுகள்) காயில்கள் 7. மொத்தம் 42 வாட்.

அடுத்து பெட்டியின் பரப்பு. 600 மி.மீ. உயரம், 400 அகலம், 200 ஆழம் கொண்ட தகரப் பெட்டியைச் சுவரோடு ஒட்டி மாட்டினால், முதுகு தவிர மற்ற ஐந்து பக்கமும் சேர்ந்து 0.64 சதுர மீட்டர். பெயின்ட் அடித்த இரும்புத் தகடு, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 5.5 வாட் சூட்டை வெளியே விடும். ஆகவே இந்தப் பெட்டி டிகிரிக்கு 3.5 வாட் விடும். 42ஐ 3.5ஆல் வகுத்தால் 12. ஷெட்டில் 40 டிகிரி என்றால் பேனலுக்குள் 52. கம்ப்யூட்டர் சுவாசிப்பது இந்த 52 டிகிரிக் காற்றைத்தான். தேர்வு செய்யும்போது இந்த எண்ணைத்தான் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதே பெட்டியில் 5 எச்.பி. டிரைவ் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) ஒன்றையும் வைத்துவிட்டால்? டிரைவ் தன் சக்தியில் சுமார் 3 சதவீதத்தைச் சூடாக விடும், அதாவது 110 வாட். மொத்தம் 152 ஆகி, உள்ளே ஏறுவது 43 டிகிரி. ஷெட்டின் 40ஐக் கூட்டினால் 83. எந்த விலையுயர்ந்த கம்ப்யூட்டரும் இதைக் காப்பாற்றாது. டிரைவைத் தனிப் பேனலுக்கு மாற்றுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

செலவே இல்லாத இன்னொரு வழி: பேனலைச் சுவரிலிருந்து 50 மி.மீ. தள்ளி ஸ்பேசர் வைத்து மாட்டுவது. முதுகுப் பக்கத்து 0.24 சதுர மீட்டரும் வேலை செய்யும். 12 டிகிரி ஏற்றம் 9ஆகக் குறையும். வெயில் ஏறும் மேற்குச் சுவரும், கூரைக்கு ஒட்டிய உயரமும் வேண்டாம்.

இனி கம்ப்யூட்டரைத் தேர்வு செய்யலாம். கல்தூசு உள்ள இடத்தில் ஃபேன் இல்லாத, மேல்கூடே ஹீட் சிங்க் (ஃபின் எனும் உலோகப் பட்டைகள் வழியே சூட்டை வெளியே விடும் பகுதி) ஆன மாடல்தான் சரி. ஃபேன் தூசியை இழுக்கும். ஈரம் சேர்ந்தால் அந்தக் கல்மாவு ஃபின்களுக்கிடையே சுண்ணாம்பு போல இறுகிவிடும். ஸ்பெக் தாளில் "60 டிகிரி வரை" என்று பார்த்ததும் ஆர்டர் போடாதீர்கள். கீழே பொடி எழுத்தில் "0.7 மீட்டர்/நொடி காற்றோட்டத்துடன்", "இண்டஸ்ட்ரியல் எஸ்.எஸ்.டி.யுடன்" என்று இருக்கிறதா பாருங்கள் (எஸ்.எஸ்.டி. என்பது டேட்டா சேமிக்கும் டிஸ்க்). மூடிய பேனலில் அந்தக் காற்றோட்டம் கிடையாது. நாங்கள் 10 டிகிரி கழித்தே கணக்கிடுவோம்: 60 என்றிருந்தால் 50. மேலே வந்த 52க்கு அது போதாது. ஸ்பேசர் வைத்து 49ஆகக் குறைத்தால் மயிரிழையில் பொருந்தும். 70 டிகிரி மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள்.

டேட்டா பதியவும் திரை காட்டவும் மட்டும்தான் என்றால் இன்டெல் என்100 போன்ற 6 வாட் பிராசஸர் தாராளம். கேமரா வைத்துப் பழம் தரம் பிரிக்கும் வேலைக்குத்தான் பெரிய பிராசஸர் தேவை. அப்போது வாட் கணக்கை முதலிலிருந்து போடுங்கள். ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டர் பலகைக்குச் சுற்றுக்காற்று வரம்பே 50 டிகிரி. சிப் 80ஐத் தொட்டதும் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். எஸ்.எஸ்.டி.யில் சாதாரண ரகம் 70 வரை, இண்டஸ்ட்ரியல் ரகம் 85 வரை. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். எஸ்.எம்.பி.எஸ். பல மாடல்களில் 50 டிகிரிக்கு மேல் முழு லோடு தராது, ஆகவே தேவையைப் போல இரு மடங்கு எடுங்கள்.

பொருத்தும்போது கம்ப்யூட்டர் கீழே, எஸ்.எம்.பி.எஸ். மேலே. ஃபின்கள் செங்குத்தாக நிற்க வேண்டும்; படுக்க வைத்தால் காற்று ஏறாது. மேலும் கீழும் 100 மி.மீ., பக்கவாட்டில் 50 மி.மீ. இடைவெளி. கேபிள்கள் அடிப்பக்கமாக கிளாண்ட் (கேபிளைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் மூடி) வழியே மட்டும். உள்காற்றைக் கலக்க 80 மி.மீ. 24 வோல்ட் ஃபேன் ஒன்று வைத்தால் ஒரே இடத்தில் சூடு தேங்காது; வெளிக்காற்றை இழுக்காததால் தூசியும் வராது.

மாங்கூழ் ஆலையில் நீராவியும் ஹோஸ் கழுவலும் உண்டு. சீசனோ கடும் வெயில் மாதங்களிலேயே தொடங்கிவிடும். அங்கே பேனலில் ஓட்டை போடுவது தவறு. கணக்கு மிஞ்சினால் பேனல் ஏ.சி. வையுங்கள், ஆனால் 35 டிகிரியில். 25ல் வைத்துவிட்டு கதவைத் திறந்தால் ஈரக்காற்று பலகைகளின் மேல் நீராய்ப் படியும்.

சூடு தாங்கவில்லை என்று கதவைத் திறந்து வைத்து, எதிரே பெடஸ்டல் ஃபேன் போடும் வழக்கத்தை உடனே நிறுத்துங்கள். கம்ப்ரசர் காற்றால் ஊதுவதும் வேண்டாம். அதில் தண்ணீரும் எண்ணெயும் வரும். பவரை நிறுத்தி, வாரம் ஒருமுறை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டினால் போதும்.

கடைசியில் சோதனை. கதவை மூடி, முழு லோடில் இரண்டு மணி நேரம் ஓட விடுங்கள். தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் ஒயர்) முனையைக் கம்ப்யூட்டருக்கு 50 மி.மீ. கீழே தொங்கவிட்டு, ஷெட் சூடு, பேனல் காற்று, சி.பி.யு. சூடு மூன்றையும் ஒரே நேரத்தில் குறியுங்கள். ஷெட் 28, சி.பி.யு. 72 என்றால் வித்தியாசம் 44. இந்த வித்தியாசம் பெரிதாக மாறாது. ஆகவே ஜனவரியிலேயே மே மாதத்து 41 டிகிரிக்கு 85 வரும் என்று சொல்லிவிடலாம். அந்த மூன்று எண்களையும் தேதியோடு கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். அடுத்த வருடம் அதே லோடில் வித்தியாசம் 52 ஆகியிருந்தால் ஃபின்னில் கல்மாவு அடைத்திருக்கும். சுத்தம் செய்தும் இறங்கவில்லை என்றால் உள்ளே தெர்மல் பேஸ்ட் (சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே தடவும் பசை) காய்ந்திருக்கும்.