கொய்யா இலை சொத்தைப்பல் கிருமியைத் தடுக்கிறதா? லேபில் நீங்களே செய்து பாருங்கள்

பல்வலிக்குக் கொய்யாக் கொழுந்தை மென்று துப்பச் சொல்வார்கள் வீட்டில். அது கிருமியைத் தடுக்கிறதா என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம், கல்லூரியில் மைக்ரோபயாலஜி லேப் இருந்தால் போதும். வீட்டில் மட்டும் செய்யாதீர்கள், உயிருள்ள நோய்க்கிருமியை வளர்க்கப் போகிறோம்.

அந்தக் கிருமியின் பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். 1924-ல் கிளார்க் என்பவர் சொத்தைப் பல்லிலிருந்து பிரித்தெடுத்து வைத்த பெயர் இது. நாம் தின்னும் சர்க்கரையைப் பசையாக்கிப் பல்லில் ஒட்டிக்கொள்ளும், அதே சர்க்கரையை அமிலமாகவும் மாற்றும். பிஹெச் சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கிவிடும். சண்டிகரில் இருக்கும் எம்டிசிசி என்ற நுண்ணுயிர் சேமிப்பகத்திலிருந்து இந்தக் கிருமியின் 890-ஆம் எண் கல்ச்சரைக் (வளர்ப்பு மாதிரியை) கல்லூரி மூலமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

1. இலை. முற்றிய, பூச்சி அரிக்காத இலையாகப் பறித்துக் கழுவி, நிழலில் காய வையுங்கள். கையில் எடுத்து நசுக்கினால் சருகு போல நொறுங்க வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் மிக்சியில் அரைத்துச் சலித்துக்கொள்ளலாம்.

2. சாறு. 10 கிராம் பொடியை 100 மில்லி எத்தனாலில் போட்டு, மூடி, அவ்வப்போது குலுக்கியபடி 48 மணி நேரம் ஊற விடுங்கள். வடிகட்டி, 50 டிகிரிக்கு மேல் போகாத வாட்டர் பாத்தில் வைத்தால் எத்தனால் போய் அடியில் கரும்பச்சைப் பசை தங்கும். அதில் 100 மில்லிகிராம் எடுத்து 1 மில்லி டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரையுங்கள்.

3. கிருமி. பிஎச்ஐ பிராத் என்ற ஊட்டக் கரைசலில் ஓர் இரவு வளர்த்து, சலைனில் (உப்புக் கரைசலில்) கலந்து 0.5 மேக்ஃபார்லேண்ட் கலங்கலுக்குக் கொண்டு வாருங்கள்; கிருமியின் அடர்த்தியைக் கலங்கலை வைத்துக் கணிக்கும் அளவுகோல் அது.

4. தட்டு. 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் கிருமி நீக்கிய) பிஎச்ஐ அகாரை, அதாவது ஜெல்லி போல இறுகும் ஊட்டத்தை, 25 மில்லி ஊற்றினால் 90 மி.மீ. தட்டில் 4 மி.மீ. கனம் வரும். இறுகியதும் ஸ்வாபை (பஞ்சுக் குச்சியை) கிருமிக் கலங்கலில் நனைத்து, தட்டை மூன்று முறை திருப்பித் திருப்பி இடைவெளி விடாமல் பூசுங்கள். பிறகு 6 மி.மீ. கார்க் போரரால் (குழி வெட்டும் குழாயால்) மூன்று குழி, ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டு.

இந்த மூன்று குழிகளில்தான் சோதனையின் உயிரே இருக்கிறது. ஒன்றில் 50 மைக்ரோலிட்டர் இலைச்சாறு, இன்னொன்றில் அதே அளவு 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் (ஒப்பிட்டுப் பார்க்க, வாய் கொப்பளிக்கும் கிருமிநாசினி), மூன்றாவதில் வெறும் டிஎம்எஸ்ஓ. முதல் தடவை நான் எத்தனாலை ஆவியாக்காமல் சாற்றை அப்படியே ஊற்றினேன். குழியைச் சுற்றிக் கிருமி வளராத பெரிய வளையம் வந்தது, சந்தோஷமாக நோட்டில் எழுதினேன். வெறும் எத்தனாலை ஊற்றிப் பார்க்கச் சொன்னார் மேடம். அதற்கும் வளையம் வந்தது! எத்தனாலே கிருமியைக் கொல்லும்போது இலையைப் பற்றி அந்தத் தட்டு என்ன சொல்லும்? ஒரு வார வேலையைத் திரும்பச் செய்தேன். கரைப்பான் குழி இல்லாத தட்டை நம்பவே நம்பாதீர்கள்.

5. வளர்ப்பு. அரை மணி நேரம் அப்படியே விட்டு, எரியும் மெழுகுவர்த்தியோடு ஜாடியில் வைத்து மூடுங்கள். சுடர் அணையும்போது உள்ளே கார்பன் டை ஆக்சைடு கூடியிருக்கும், இந்தக் கிருமிக்கு அது தோது. 37 டிகிரியில் 24 முதல் 48 மணி நேரம்.

6. அளவு. தட்டைத் திறக்காமல் கவிழ்த்து, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். கிருமி வளர்ந்த இடம் மங்கலாகவும், தடுக்கப்பட்ட இடம் தெளிந்த வட்டமாகவும் தெரியும். இலையின் பச்சை நிறம் குழியைச் சுற்றிக் கசிந்திருக்கும், அதை வளையம் என்று அளந்துவிட வேண்டாம். குழியையும் சேர்த்துக் குறுக்களவை எடுத்து, மூன்று தட்டுகளின் சராசரியைப் போடுங்கள். முடிந்ததும் எல்லாத் தட்டும் ஆட்டோகிளேவுக்குப் போன பிறகுதான் குப்பைக்கு.

வேப்பிலை, துளசி, வெற்றிலை எதையும் இப்படியே செய்யலாம். ஆனால் வளையம் பெரிதாக இருக்கிற இலைதான் பலமானது என்று எழுதிவிடாதீர்கள். கொய்யாவில் இருக்கும் டானின் போன்ற பெரிய மூலக்கூறுகள் அகாருக்குள் மெதுவாகத்தான் பரவும். பலத்தை ஒப்பிட வேண்டுமென்றால் சாற்றைப் பிராத்தில் குழாய் குழாயாகப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போய், ஒவ்வொன்றிலும் கிருமியைச் சேர்த்து வளர்த்து, எந்தக் குழாய் வரை கிருமி வளரவில்லை என்று பாருங்கள். சாற்றின் நிறமே குழாயைக் கலங்கலாகக் காட்டும் என்பதால், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டைப் புதுத் தட்டில் வைத்து மறுநாள் பார்த்துக்கொள்ளுங்கள்.