கழற்சிக்காயை உடைக்கும் முன்

பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டி, என்று ரிப்போர்ட் வந்த வாரமே எங்கள் அடுக்களை நாட்டு மருந்துக்கடை ஆகிவிட்டது. வெந்தயம் அம்மா உபயம், மலைவேம்புச் சாறு பெரியம்மா உபயம், கழற்சிக்காய்ப் பொடி அத்தை கொடுத்துவிட்டது. டாக்டர் எழுதிய மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை தனி. நான்கையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் வயிறு பிடுங்கிக்கொண்டு போக, வேலைக்குக் கிளம்பியவள் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்தே ஆட்டோ பிடித்துத் திரும்பினேன். எது செய்த வேலை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மெட்ஃபார்மினும் ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கும், வெந்தயமும் கலக்கும்.

அன்றிலிருந்து ஒரு நேரத்தில் ஒரே மூலிகைதான். அடுத்ததற்குப் போகும் முன் குறைந்தது மூன்று மாதம் பார்க்க வேண்டும். தினசரிக் காலண்டரில் மாதவிடாய் வந்த தேதியை வட்டம் போட்டு, அந்தத் தாளைத் தூக்கிப் போடாமல் எடுத்து வைக்க வேண்டும். எனக்கு முதலில் 70 நாள், 85 நாள் என்று இடைவெளி இருந்தது. எழுதி வைக்காவிட்டால் "இப்போ பரவாயில்லை போல" என்று மனசு நம்மை ஏமாற்றிவிடும்.

மூலிகைக்கு முன்னால் சோதனைகளை முடித்துவிடுங்கள். தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), சர்க்கரை, தேவையென்றால் ஸ்கேன். தைராய்டு கோளாறிலும் மாதவிடாய் தள்ளிப்போகும்; அதற்குக் கழற்சிக்காய் தின்று என்ன பயன்? நீர்க்கட்டி என்கிறோமே, அது கட்டியே அல்ல. முதிராமல் பாதியில் நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப் பைகள். அறுவைசிகிச்சை செய்து எடுக்க வேண்டுமோ என்று ஒரு ராத்திரி முழுக்க அழுதவள் சொல்கிறேன்.

வெந்தயம் எளிது. ஒரு டீஸ்பூன், இரவில் ஊறவைத்து, காலையில் தண்ணீரோடு மென்று விழுங்க வேண்டும். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்புக்குச் சாப்பாட்டுச் சர்க்கரை மெதுவாக ஏற இது உதவும். சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள்.

பட்டையும் இதற்குச் சாப்பிடுகிறார்கள்; அதில் ஒரு விஷயம். கடையில் தடித்து, ஒரே மடிப்பாக, மரப்பட்டை போலக் கிடப்பது பெரும்பாலும் கேசியா என்ற ரகம். அதில் கூமரின் என்ற வேதிப்பொருள் அதிகம். தினமும் பொடியாகத் தின்றால் ஈரலுக்கு ஆகாது. சுருட்டு மாதிரி மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டிருப்பதே இலங்கைப் பட்டை. விலை கூடத்தான். வாங்க முடியாவிட்டால் பிரியாணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புதினா டீ எனக்குப் பிடித்தது. பிரிட்டனில் நாற்பத்துச் சொச்சம் பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. தினம் இரண்டு வேளையாக 30 நாள் புதினா டீ குடித்தவர்களுக்கு, முகத்தில் முடி வளர வைக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது. ஆனால் முகத்து, உடம்பு முடியை மருத்துவ முறைப்படி அளந்தபோது பெரிய மாற்றம் இல்லை. ஒரு கைப்பிடி இலையைக் கொதித்த நீரில் போட்டு, ஐந்து நிமிடம் மூடி வைத்து, சீனி இல்லாமல் குடியுங்கள்.

உளுந்தங்களிக்குத்தான் வீட்டில் சண்டை. திருநெல்வேலிப் பெண்ணுக்குக் களி வேண்டாம் என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? கறுப்பு உளுந்தும் நல்லெண்ணெயும் நல்ல சாப்பாடுதான். ஆனால் அம்மா ஒரு கிண்ணத்துக்கு உள்ளங்கை அளவு கருப்பட்டி தட்டிப் போடுவாள். "கருப்பட்டி சீனி இல்லடி" என்பாள். ரத்தத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இப்போது மாதம் இரண்டு முறை, சின்னக் கிண்ணம், கருப்பட்டி பாதி.

சரி, கழற்சிக்காய். சங்கப் பாடல்களில் பெண்கள் ஆடும் கழங்கு இந்தக் காய்தான். சாம்பல் நிறத்தில், கோலிக்குண்டு பருமனில் இருக்கும். பொடியாக வாங்காதீர்கள், அதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. கொட்டையாக வாங்கி, துணியில் சுற்றி, அம்மிக் குழவியால் தட்டுங்கள். துணி இல்லாமல் தட்டினால் ஓடு கண்ணுக்கே பறக்கும். உள்ளே வெளிர்மஞ்சள் பருப்பு இருக்கும். கறுத்ததை, சுருங்கியதைத் தூக்கிப் போடுங்கள். சித்த மருத்துவர் எனக்குச் சொன்ன அளவு: ஒரு பருப்பு, ஐந்து மிளகு, சேர்த்துப் பொடித்து, காலையில் மோரில். ஒரு மண்டலம், அதாவது 48 நாள். வேப்பங்கொழுந்தே தித்திப்பு என்று தோன்றும் கசப்பு. இதற்கு ஆதாரம் பெரும்பாலும் தலைமுறை அனுபவமும் எலிகளிடம் நடந்த சோதனைகளும்தான். அதனால் உங்கள் உடம்புக்கு எவ்வளவு என்பதை அரசு மருத்துவமனைச் சித்தா பிரிவிலோ, தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலோ கேட்டுவிட்டு எடுங்கள்.

மலைவேம்பை மட்டும் நான் திரும்பத் தொடவில்லை. சாறு எவ்வளவு, எத்தனை நாள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

மாதவிடாய் தள்ளிப்போனால் "நமக்கு வழக்கம்தானே" என்று இருக்காமல், முதலில் கர்ப்பச் சோதனை அட்டையில் பாருங்கள். பிசிஓஎஸ் இருந்தாலும் கரு தங்கும். அந்த நேரத்தில் மேலே சொன்ன சாறு, பொடி எதுவும் கூடாது. மூன்று மாதமாக வரவேயில்லை என்றாலும், வந்து நிற்காமல் போனாலும் அன்றே டாக்டர். கருப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போக விடக் கூடாது. போகும்போது மூலிகைப் பொட்டலங்களையும் பையில் எடுத்துப் போங்கள். நான் மேஜையில் எடுத்து வைத்தபோது டாக்டர் திட்டவில்லை, ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார்.

இப்போது என் இடைவெளி 38லிருந்து 45 நாளுக்குள் வருகிறது. கழற்சிக்காயா என்றால் தெரியாது. அதே மாதங்களில்தான் வ.உ.சி. மைதானத்தில் தினமும் 40 நிமிடம் நடந்தேன், நாலு டீயை ஒன்றாக்கினேன், 78 கிலோவிலிருந்து 72க்கு வந்தேன். மெட்ஃபார்மினையும் நிறுத்தவில்லை. தாடை முடிக்கு மட்டும் இன்னும் மாதம் ஒருமுறை பார்லரில் நூல்தான்.