அசுவினியைத் தேடும்போது செய்யும் தவறுகள்

செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் கொழுந்தை மட்டும் புரட்டிப் பார்ப்பார்கள். அங்கே இல்லையென்றால் செடி சுத்தம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். நான் அதிகம் பார்த்த தவறு இதுதான்.

அசுவினி குடிப்பது செடிக்குள் ஓடும் சர்க்கரைச் சாற்றை. அதில் இனிப்புக்குக் குறைவில்லை. குறைவாகக் கிடைப்பது புரதத்துக்கு மூலமான அமினோ அமிலம். வளரும் கொழுந்துக்கு அது நிறைய வந்து சேர்வதால் கூட்டமும் அங்கே சேர்கிறது. ஆனால் முதிர்ந்து பழுக்கும் இலையிலும் புரதம் உடைந்து அதே அமினோ அமிலம் சாற்றில் கலக்கிறதே! முட்டைக்கோஸ் செடியில் இதைக் கண்ணாலேயே காணலாம். சாம்பல் பூசினாற்போல் இருக்கும் முட்டைக்கோஸ் அசுவினி இளம் இலையிலும் பூத்தண்டிலும் அப்பிக்கொண்டிருக்கும். பச்சை பீச் அசுவினியோ பெரும்பாலும் கீழே இருக்கும் முதிர்ந்த இலைகளின் அடிப்பக்கம் சிதறிக் கிடக்கும். ஆகவே மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலும் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

திருப்பும்போது மெதுவாக. தாக்கப்படும் அசுவினி பின்புறத்துக் குழாய்களிலிருந்து ஒரு துளி விடும். அதிலிருந்து எழும் எச்சரிக்கை வாசனை பட்டதும் பக்கத்தில் இருப்பவை உறிஞ்சுவதை நிறுத்தி நகரும், சில பொத்தென்று கீழே விழும். செடியை உலுக்கிவிட்டு எண்ணினால் கணக்கு தப்பும்.

அடுத்தது, இரண்டு மூன்று செடிகளைப் பார்த்துவிட்டு முழு வயலுக்கும் தீர்ப்புச் சொல்வது. வளரும் பருவத்தில் அசுவினி இணை சேராமலே குஞ்சு போடும். வெதுவெதுப்பான பருவநிலையில் அந்தக் குஞ்சு ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாளில் தாயாகிவிடும். குஞ்சுகள் தாயை ஒட்டியே உட்காருவதால் ஒரு செடியில் நூற்றுக்கணக்கில் இருக்கும், பக்கத்துச் செடியில் ஒன்றுகூட இருக்காது. அதனால் ஓரம், நடு என்று பல இடங்களில் பாருங்கள்.

இலையின் மேல்பக்கம் பிசுபிசுப்பாக இருந்தால் அந்த இலையிலேயே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அது மேலே இருக்கும் அசுவினியிடமிருந்து சொட்டிய தேன் போன்ற கழிவு. அண்ணாந்து, மேல் இலையின் அடியைப் பாருங்கள். வெள்ளைத் தூளாகத் தெரிவது உரித்த தோல். வளர்வதற்குள் நான்கு முறை தோல் உரிக்கும். அப்புறம், காகிதம் போல உப்பி வெளிர் பழுப்பாக அசையாமல் இருக்கும் அசுவினியை நோய் என்று கிள்ளி எறியாதீர்கள். அதற்குள் சிறு குளவி வளர்கிறது. முதுகில் வட்ட ஓட்டை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது என்று அர்த்தம். கூட்டத்தின் நடுவே நெளியும் கால் இல்லாத புழுவும் பெரும்பாலும் அசுவினியைத் தின்னும் மலர் ஈயின் புழுதான். அதை நசுக்குவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

சோப்புக் கரைசல் தெளித்தால், அது அசுவினியின் உடம்பில் பட்டால்தான் கொல்லும். இலையின் மேலே மட்டும் தெளித்தால் அடிப்பக்கக் கூட்டம் அப்படியே இருக்கும். தழைச்சத்தை (நைட்ரஜன் உரத்தை) அள்ளிப் போடுவதும் கூடாது; அது அசுவினிக்கு விருந்து.

கூட்டம் திடீரென்று குறைந்தால் ஒழிந்தது என்று நம்பிவிடாதீர்கள். நெருக்கம் கூடினால் இறக்கையுள்ளவை பிறந்து பறந்துவிடும். சுற்றியுள்ள செடிகளில் இலையடியைப் பாருங்கள்: இறக்கையோடு ஒன்று, அதை ஒட்டி நாலைந்து பொடிக் குஞ்சுகள் இருந்தால், அடுத்த கூட்டம் அங்கே தொடங்கிவிட்டது.