தஞ்சாவூரில் அரண்மனையோடு திரும்பிவிடாதீர்கள்

விடுமுறைக்கு ஊர் வரும் நம்மவர்கள் தஞ்சாவூருக்கு ஒதுக்குவது ஒரு பகல். பெரிய கோயில், அரண்மனைக் கலைக்கூடம், சாப்பாடு, கார். கலைக்கூடத்தைக் குறை சொல்லவில்லை. திருவெண்காட்டு ரிஷபவாகனரை, அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவனைப் பார்க்கவே அங்கே போகலாம்: 1011-இல் வார்த்த செப்புத் திருமேனி, காளை காணாமல் போயும் அதன்மேல் கை ஊன்றியபடியே ஒயிலாக நிற்கிறார்.

ஆனால் பிள்ளைகளுக்கு அரை மணியில் அலுத்துவிடும். மிச்சப் பொழுதை வீணைப் பட்டறைக்குக் கொடுங்கள். தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்பவர்களோ இன்னும் பழைய நகரத்தில் வீட்டோடு சேர்ந்த சின்னப் பட்டறைகளில்தான் இருக்கிறார்கள். ஆட்டோக்காரரிடம் "வீணை செய்யிற இடம்" என்றால் போதும்.

பலாமரக் கட்டையைக் குடமாகக் குடைவது ஓர் ஆள், யாளி முகம் செதுக்குவது இன்னோர் ஆள் என்று வேலை கைமாறும். ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாந்த வீணை. துண்டுகளை இணைத்தால் ஒட்டு வீணை, விலை குறைவு. வாய்த்தால் மேளம் கட்டுவதை, அதாவது தந்தியை அழுத்தி வாசிக்கும் மெட்டுகளைப் பதிப்பதைப் பாருங்கள். கரிப்பொடி கலந்த மெழுகில் 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாகச் சுருதி கேட்டுக் கேட்டுப் பதிப்பார்கள். அப்போது மட்டும் வாயைத் திறக்காதீர்கள், ரீல்ஸும் வேண்டாம்.

முதல்நாளே போனில் கேட்டுவிட்டுப் போவது மரியாதை. அது அவர்கள் வீடும்கூட, செருப்பு வாசலில். படம் எடுக்கக் கேளுங்கள். கூலிக்கு வேலை செய்பவரின் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டு "தேங்க்யூ அண்ணா" என்று கிளம்புவது நன்றாகவா இருக்கும்? தயங்காமல் பணம் கொடுங்கள், இல்லாவிட்டால் ஏதாவது சிறு வேலை கொடுங்கள். வீட்டில் மூலையில் கிடக்கும் வீணைக்கு மேளம் மாற்றித் தரச் சொல்வது இன்னும் நல்லது. மெழுகு நாளாக ஆக இளகி மெட்டு நகர்ந்திருக்கும். புது வீணைக்கு வாரக்கணக்கில் ஆகும், வந்த உடனே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் சுங்கம். பாட்டியின் வீணையில் வெள்ளை வேலைப்பாடு தந்தமாகவோ மான்கொம்பாகவோ இருக்கலாம். அதை வெளிநாடு கொண்டுபோக நினைக்காதீர்கள். 100 ஆண்டைத் தாண்டிய கலைப்பொருளுக்கும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அனுமதி கிடையாது. சுவாமிமலையில் புதுச் சிலை வாங்கினாலும், அது பழம்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். விமான நிலையத்தில் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.