கல்வாழை இலையில் மஞ்சள் கோடு: பூச்செடிக்கு வைரஸ் வந்தால்

மூன்று வருடத்துக்கு முன்னால் என் மொட்டைமாடிக் கல்வாழை ஒன்றின் இலையில் மஞ்சள் கோடுகள் விழுந்தன. ஏதோ புது ரகம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். கிழங்கைப் பிரித்துத் தெருவில் ஐந்து வீட்டுக்குக் கொடுத்தேன். அடுத்த வருடம் ஐந்து வீட்டிலும் அதே கோடு. பூ சிறுத்து, சிவப்பு இதழில் வெளிறிய கீறல். கொஞ்ச நாளில் இலை ஓரம் கருகிச் செடி குட்டையாக நின்றுவிட்டது. தட்டில் வைத்துக் கொண்டுபோய் நோயைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

எனக்குத் துணையாகச் சரித்திரத்தில் ஆட்கள் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் ஹாலந்துக்காரர்கள் கோடு விழுந்த துலிப் கிழங்கைக் கண்மண் தெரியாத விலைக்கு வாங்கினார்கள், 1637-இல் அந்தச் சந்தையே படுத்தது. அந்தக் கோடு கிழங்குக்குக் கிழங்கு தொற்றும் நோய் என்று 1920-களில்தான் இங்கிலாந்தில் டோரதி கேலி என்ற பெண்மணி ஆராய்ந்து காட்டினார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மதுரை வெயிலில் அறுபது சொச்சம் தொட்டி வைத்துக்கொண்டு நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

முதலில், அது வைரஸ்தானா என்று பாருங்கள். மஞ்சளாகும் செடியை எல்லாம் பிடுங்கினால் மாடி காலியாகிவிடும். காலை எட்டு மணி வெயிலில் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். எங்கள் ஊர் உப்புத்தண்ணீருக்கு மல்லியிலும் செம்பருத்தியிலும் இரும்புச்சத்துக் குறைவு சாதாரணம். அதில் கொழுந்து இலை முழுக்க ஒரே சீராக வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும், நடுநரம்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரி. வைரஸ் அப்படி ஒழுங்காக வராது. கரும்பச்சைத் திட்டுக்குப் பக்கத்தில் வெளிர்பச்சைத் திட்டு, ஒரு பாதி மஞ்சள் மறுபாதி பச்சை, நடுவில் அறுந்துபோகும் கோடு, வளையம் என்று இருக்கும். இந்த நோய்க்குத் தேமல் என்று பேர் வைத்தவர் நன்றாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். கல்வாழையில் நிஜமாகவே வரி போட்ட ரகங்கள் இருக்கின்றன. அவற்றில் எல்லா இலையிலும் வரி நரம்போடு ஒட்டி, நடுநரம்பிலிருந்து ஓரம் வரை அறாமல் ஓடும். என் செடியில் பாதி வழியில் நின்றது. அன்றைக்கே அதைக் கவனித்திருக்க வேண்டும்.

சந்தேகமான செடிக்கு ஒரு சிவப்பு நூலைக் கட்டி, மற்றவற்றிலிருந்து தள்ளி வைத்துவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்துப் பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை இலையில் தெளியுங்கள். சத்துக் குறைவு என்றால் புதுக்கொழுந்து பச்சையாக வரும். வைரஸ் என்றால் எத்தனை கொழுந்து வந்தாலும் அதே முகம்தான். செம்பருத்தி நுனி சுருண்டு கொத்தாக நின்றால் உடனே வைரஸ் என்று முடிவு கட்டாதீர்கள், பிரித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளை மாவு இருந்தால் அது மாவுப்பூச்சி. அந்த நுனியை வெட்டிப்போட்டுத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் செடி தேறிவிடும். இலை கிண்ணம்போல மேலே குவிந்து, திருப்பிப் பார்த்தால் நரம்பு தடித்து, அதன்மேல் குட்டி இலைபோல ஒரு மடிப்பு முளைத்திருந்தால் அது வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருட்டை வைரஸ். ஜினியாவிலும் சுருட்டை வரும்.

வைரஸ்தான் என்றால்? மருந்து கிடையாது. புளித்த மோர், மஞ்சள் தண்ணீர், கடைக்காரர் எடுத்துக் கொடுத்த முந்நூறு ரூபாய் பாட்டில், மூன்றையும் ஊற்றிப் பார்த்தவள் சொல்கிறேன். வைரஸ் செடியின் செல்லுக்குள்ளேயே குடியிருக்கிறது. பூஞ்சைக்கு அடிப்பதுபோல மேலே அடித்து அதைக் கொல்ல முடியாது. குருத்தின் நுனித் துணுக்கைக் கிள்ளித் திசு வளர்ப்பில் சுத்தமான செடி எடுக்கிறார்கள்தான், அது ஆய்வுக்கூட வேலை. மாடியில் நடக்காது.

ஆனால் எல்லாவற்றையும் பிடுங்கவும் வேண்டாம். அந்த வைரஸ் எப்படிப் பரவுகிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். ரோஜாத் தேமலை எடுத்துக்கொள்ளுங்கள். இலையில் மஞ்சள் வளைகோடு அழகாகவே இருக்கும். அது முக்கியமாக நர்சரியில் ஒட்டுக் கட்டும்போது, நோயுள்ள தாய்ச்செடியிலிருந்து வருவது. பூச்சி அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போவதில்லை. என்னிடம் அப்படி ஒரு பன்னீர் ரோஜா இருக்கிறது. பூ குறைவு, ஆனாலும் வைத்திருக்கிறேன். பதியன் மட்டும் யாருக்கும் தருவதில்லை. வெள்ளை ஈயோ, அசுவினி என்கிற சாறுறிஞ்சும் குட்டிப் பூச்சியோ பரப்புகிற நோய் என்றால் தயவுதாட்சண்யமே வேண்டாம், அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

எடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. செடியை உலுக்கினால் வெள்ளை ஈ கும்பலாகக் கிளம்பிப் பக்கத்துச் செடியில் உட்காரும். அதனால் விடிகாலையில், அவை மந்தமாக இருக்கும்போது, பெரிய பிளாஸ்டிக் பையைச் செடியின் தலைவழியாகக் கவிழ்த்து, அடியில் கட்டி, அப்புறம் பிடுங்குங்கள். கட்டிய பையை இரண்டு மூன்று நாள் வெயிலில் போட்டுவிட்டுக் குப்பை வண்டியில் கொடுங்கள். கல்வாழை, சம்பங்கி மாதிரிக் கிழங்குச் செடி என்றால் மண்ணைக் கொட்டிச் சலித்து ஒரு துண்டு விடாமல் பொறுக்க வேண்டும். நான் சோம்பல்பட்டுப் பின்னால் இருக்கும் காலி மனையில் வீசினேன். ஐப்பசி மழையில் அத்தனையும் முளைத்து, அதே மஞ்சள் கோட்டோடு என்னைப் பார்த்தன.

அடுத்தது, செடி வெட்டும் கத்தரி. இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. ஆர்க்கிட்டில் வரும் சிம்பிடியம் தேமல் வைரஸ் பெரும்பாலும் வெட்டும் கத்தியிலும் தொடும் கையிலும்தான் பரவுகிறது. புகையிலைத் தேமல் வைரஸ் இன்னும் அழுத்தமானது. காய்ந்த சருகிலும் வருடக்கணக்கில் கிடக்கும், பீடி, சிகரெட் தூளிலும் இருக்கலாம். மாடியில் வேலைக்கு வந்த ஒரு அண்ணன் பீடியை அணைத்துவிட்டு அதே கையோடு என் பெட்டூனியா நாற்றைத் தொடப் போனார். "அண்ணே, சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு வாங்க" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்க் கழுவிக்கொண்டு வந்தார்.

சானிடைசர் இந்த வைரஸை நம்பகமாக அழிக்காது. கொழுப்பு நீக்கிய பால்பவுடர் 200 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து அதில் கத்தரியை முக்குங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பாலில் உள்ள புரதம் இந்த வைரஸ் தொற்றுவதைத் தடுக்கிறது, நாற்றுப் பண்ணைகளிலும் செய்கிறார்கள். இல்லையென்றால் ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். அது இரும்பை அரித்துவிடும், வேலை முடிந்ததும் கழுவித் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவ வேண்டும். என்னிடம் இரண்டு கத்தரி உண்டு. ஒன்று வெட்டும்போது மற்றது ஊறும், செடிக்குச் செடி மாற்றிக்கொள்வேன். சந்தேகச் செடியைக் கவாத்துச் செய்வது எப்போதும் கடைசியில்.

பூச்சி விஷயத்தில் ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளை ஈ வைரஸை உறிஞ்சி, அது உடம்புக்குள் சுற்றி வந்து, சில மணி நேரம் கழித்துத்தான் பரப்பத் தொடங்கும். அதனால் ஈயைக் குறைத்தால் நோயும் குறையும். கல்வாழைக்கு அசுவினி கொண்டுவரும் தேமல் அப்படியில்லை. ஒரு சில வினாடி குத்தினாலே வேலை முடிந்தது. விஷமருந்து அடித்து அசுவினி சாவதற்குள் வைரஸ் உள்ளே போயிருக்கும். அதற்காகத் தேனீயையும் சேர்த்துக் கொல்ல எனக்கு மனசில்லை. பங்குனி, சித்திரையில் வெள்ளை ஈ பெருகும்போது மஞ்சள் பிளாஸ்டிக் தட்டில் விளக்கெண்ணெய் தடவிச் செடியின் தலைமட்டத்தில் தொங்கவிடுகிறேன். வாரம் ஒரு தடவை, வெயில் தாழ்ந்ததும், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு கலந்து இலையின் அடிப்பக்கத்தில் அடிக்கிறேன். மேற்பக்கம் அடித்துப் புண்ணியமில்லை, ஈ உட்கார்ந்திருப்பது கீழே. தொட்டியிடுக்கில் முளைக்கும் துத்தி போன்ற களைகளில் மஞ்சள் நரம்பு தெரிந்தால் அதையும் பிடுங்கிவிடுங்கள். நோய் தங்கி இளைப்பாறும் சத்திரம் அது.

பெரும்பாலான வைரஸ்கள் விதை வழியாகப் போவதில்லை. அதனால் ஜினியா போன்றவற்றில் பதியனுக்குப் பதில் விதையைக் கொடுத்து வாங்குவது பத்திரம். வாங்கிவரும் தொட்டி எதுவானாலும் என் வீட்டில் மூன்று வாரம் மாடிப்படித் திருப்பத்தில்தான் இருக்கும். மாடி ஏற அனுமதி அதற்கப்புறம். நிச்சயம் தெரியவில்லை என்றால் இலையை ஈரமில்லாமல் செய்தித்தாளில் சுற்றி மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டலாம்.

ஐந்து வீட்டில் நான்கு வீட்டிலிருந்து கிழங்கைத் திரும்ப வாங்கி அழித்துவிட்டேன். ஐந்தாவது வீட்டு அக்கா தரமாட்டேன் என்கிறார். "மஞ்சக் கோடு எவ்வளவு லட்சணமா இருக்கு, அதப் போய் எடுக்கச் சொல்றியே!" அவர் வீடு எனக்கு மூன்றாவது வீடு, அசுவினி பறந்துவர அது ஒரு தூரமே இல்லை. அதனால் புதுக் கல்வாழையை அவர் வீட்டுக்கு எதிர்க்கோடியில், தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். நேற்று ஆறாவது இலை விரிந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், கோடு இல்லை.